விதையம்மா தர மறுத்த மாம்பருப்புச் சாறு

கனியைக் கொண்டாடும் உலகில் கொட்டையைக் கொண்டாடிய கோமகளே! சாறு பிழிந்தோர் வீசியதைச் சோதனைச்சாலைக்குச் சுமந்துவந்த சோர்வறியாச் செம்மலே! ஆய்வுக்கூடத் தலைவியே, நாங்கள் வாய்நிறைய அழைத்து மகிழ்ந்த விதையம்மாவே! பணிநிறைவு பெறும் தங்கள் முன் பணிந்து நிற்கிறோம்.

பழரசத் தொழிற்சாலையின் பின்வாசலில் ஈ மொய்த்துக் கிடந்த மாங்கொட்டைகளைச் சாக்கில் அள்ளிவந்து, கழுவி உலர்த்தி, ஓடுடைத்துப் பருப்பைப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடித்தீர்கள். அந்தச் சாற்றில் என்னென்ன சேர்மங்கள் எவ்வளவு உண்டென்று அலசினீர்கள். உயிரணுக்களை அரிக்கும் ஆக்சிஜனேற்றத்தை அது தடுக்குமா என்று சோதித்த அன்று, குப்பியிலிருந்த ஊதாக் கரைசல் சாறு பட்டதும் எங்கள் கண்ணெதிரே மஞ்சளாக வெளிறியது. தடுக்கும் என்பதற்கு அதுவே அடையாளம். நாங்கள் குதித்தோம், தாங்களோ முதலிலிருந்து மறுபடி செய்யச் சொன்னீர்கள். அன்று தங்களை மனத்துக்குள் திட்டாதவர் எங்களில் ஒருவருமில்லை.

அந்த நாள்களில்தான் நம் கருவிப் பொறுப்பாளரின் தங்கைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனைச் சிகிச்சையில் அவர் துவண்டுபோனதைக் காணப் பொறாத குடும்பத்தார், உயிரணு அரிப்பைத் தடுப்பது புற்றையும் தடுக்கும் என்று நம்பி, சிகிச்சையை நிறுத்திவிட்டு நம் சாற்றைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பேசத் தொடங்கினர். பொறுப்பாளர் தங்கள் அறைக்கு வந்தார்.

"நாமளே கண்ணால பாத்தோமேம்மா. ஒரு பாட்டில் குடுங்க, போதும்."

"இது மருந்து இல்ல தம்பி. குப்பியில நடந்தது உடம்புல நடக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ண உன் தங்கச்சிக்குக் குடுக்க எனக்கு மனசு வரல."

அவர் முகங்கொடுத்துப் பேசுவதை விட்டார். எங்களில் பாதிப்பேர் அவர் பக்கம். குளிர்பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தாங்கள் கைப்பையில் வைத்துக்கொண்டபோது, கல்நெஞ்சம் என்றே முணுமுணுத்தோம். ஆனால் அந்த வாரமே தாங்கள் அவர் வீட்டுக்குப் போய், அவர் தாயாரின் அருகில் அமர்ந்து, சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்று மன்றாடியது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் வர இயலாத நாள்களில் அந்தப் பெண்ணின் மருத்துவமனைக் கட்டிலருகே, தலை கோதியபடி அமர்ந்திருந்தவரும் தாங்களே.

தங்கை தன் மகளைப் பள்ளியில் சேர்க்கும் வரை இருந்தார். பிறகு போய்விட்டார்.

துக்கம் கேட்க நாங்கள் எல்லோரும் சென்றிருந்த அவர் வீட்டுக் கூடத்தில், பொறுப்பாளர் தங்களிடம் கேட்டார்: "அத குடுத்திருந்தா பொழச்சிருப்பாளாம்மா?"

பிழைத்திருக்க மாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். தங்கள் பாரமும் இறங்கியிருக்கும். அப்படித்தான் சொல்வீர்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். தாங்கள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "தெரியலப்பா" என்றீர்கள். இருவரும் அழுதீர்கள்.

விடுப்பு முடிந்து வந்தவர், அந்தச் சாறு உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யுமா என்று அறியும் சோதனைகளில் தம்மைச் சேர்க்கும்படி தாமே வந்து கேட்டார். அப்பணி இன்றும் முடியவில்லை; முடிந்ததாகத் தாங்கள் எவரையும் சொல்ல விட்டதுமில்லை.

மாண்புமிகு தாயே! எடுத்தெறிந்து பேசிய நாள்களிலும் எங்களை வெறுக்காத தாங்கள், உடல்நலம் குன்றாமல், உறவு சூழ, உறக்கம் இனிதாய் நெடுங்காலம் வாழ்க! பொறுப்பாளர் அன்று கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும் நாளில், அது எதுவாயினும், முதலில் தங்கள் வாசலுக்கே வந்து சொல்வோம்.

என்றும் தங்கள் அன்பில்,
விதைச்சாறு ஆய்வுக்கூடப் பணியாளர்கள்