முயல் கண்ணீர்

— அன்னிக்கு நான் அழவே இல்லைங்க.

— மிஸ் யூனிஸ், நான் எதிர்லயே உக்காந்திருந்தேன். உங்க கண்ணு ரெண்டும் குழாய் மாதிரி ஓடிச்சு.

— ஓடிச்சு. ஆனா அழல.

— இது எப்படிங்க? மழை பெஞ்சுது, ஆனா மேகமே இல்லைங்கற மாதிரி இருக்கு.

— வானிலை ஆபீஸ்காரர்கிட்ட மாட்டிக்கிட்டா இதான் கதி. வாங்க, கொல்லைப்பக்கம் வாங்க, காட்டறேன். எல்லம்மா! ஜெபராஜ் சாருக்கு ஒரு முக்காலி போடு.

— போட்டுக்கீறேன் பாப்பா. பாத்து குந்து சார், ஒரு காலு ஆடும். அய்யா கடைத்தெருவுக்குப் போயிகீறாரு. அவரு வர்ற வரைக்கும் நான் இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன். எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்கினு பேசுங்க.

— ஐயோ பாவம், காது கேக்காதா எல்லம்மா?

— நல்லா கேக்கும் சார். அதான் நெனச்சுக்கச் சொன்னேன். ஆமா, இன்னிக்கு மழ வருமா? வடாம் காயப்போட்டுக்கீறேன்.

— எனக்குத் தெரியாதும்மா. நான் காத்தை அளக்கறதுக்கு பலூன் விடறவன். மழையைச் சொல்றவர் வேற ஆளு.

— அட, இம்மாம் பெரிய மனுசனுக்கு பலூன் வுடறதுதான் வேலையா!

— எல்லம்மா, நீ புல்லை நறுக்கு. நீங்க சொல்லுங்க.

— நேரா விஷயத்துக்கு வந்துடறேன், மிஸ் யூனிஸ். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கோயில்ல நம்ம கல்யாண ஓலையை வாசிக்கப் போறாங்க. 'இவங்க ரெண்டு பேரும் சேர்றதுக்கு யாருக்காவது தடை உண்டா'ன்னு போதகர் சபை முன்னாடி கேப்பார். ஒரு தடவை வாசிச்சுட்டா தாம்பரம் பூரா தெரிஞ்சுடும். அப்புறம் நின்னா பொண்ணு பேருதான் கெடும். அதனால இப்பவே அவர் வீட்டுக்குப் போய், வாசிக்க வேணாம்னு சொல்லிடப் போறேன். தப்பு என் மேலன்னே சொல்லிக்கறேன்.

— செய்யாத தப்பை நீங்க எதுக்கு ஏத்துக்கணும்?

— நிச்சயதார்த்தம் முழுக்க அழுத பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போனா அதைவிடத் தப்பு வேற இல்லை. எங்கம்மா அன்னிலேருந்து சரியா சாப்பிடவே இல்லை. 'அந்தப் பிள்ளை மனசுல வேற யாரோ இருக்காங்க ராஜா, அப்பாவுக்குப் பயந்து தலையாட்டிட்டா'ன்னு ஒரே ஜெபம்.

— என் மனசுல யாரும் இல்ல. மூக்குலதான் இருந்தாங்க. ரெண்டு பேர்.

— யாரு?

— அதோ, கூண்டுல. முழு வெள்ளையா இருக்கறவன் பட்டாணி. காதுல புள்ளி இருக்கறவ சீமாட்டி.

— முயல்!

— எனக்கு முயல் முடி ஆகாதுங்க. டாக்டர் அலர்ஜின்னு சொல்லிட்டார். கிட்டப் போனா தும்மல், கண்ணுல தண்ணி, மூக்கு தக்காளி.

— ஆகாதுன்னு தெரிஞ்சும் ஏன் வளக்கறீங்க?

— அப்டி கேளு சார்! நானும் இதுங்க வந்த நாள்லேர்ந்து கேக்கறேன். ஊரு சனம் அரிப்பு போவ மருந்து வாங்கும், பாப்பா அரிப்பையே காசு குடுத்து வாங்காத குறையா கொண்டாந்திச்சு.

— காசு குடுத்து வாங்கலை எல்லம்மா. எழும்பூர்ல நான் டைப்பிஸ்டா இருக்கற டுடோரியல் காலேஜ்ல, பிராக்டிகலுக்குன்னு முயல் வாங்கினாங்க. பரீட்சை முடிஞ்சு ரெண்டு மிச்சம். அட்டெண்டர் மிளகு அரைச்சு வெச்சுட்டார். நான் ரெண்டையும் டிபன் கூடையில போட்டு, மேல துண்டைப் போத்தி, எலெக்ட்ரிக் டிரெயின்ல ஏறிட்டேன். சைதாப்பேட்டைக்குள்ள தும்மல் ஆரம்பிச்சாச்சு. பக்கத்துல இருந்த அம்மா, கூடையில மிளகாப்பொடியான்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. பரங்கிமலையில கண்ணே தெரியலை. அப்பத்தான் பட்டாணி துண்டுக்குள்ளேருந்து தலையை நீட்டி என் விரலை நக்கினான். அவ்வளவுதான், தீந்துச்சு கதை.

— திருப்பிக் குடுத்துடலாம்னு தோணலையா?

— அப்பா தெனமும் சொல்வார், பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில வித்துட்டு வந்துடறேன்னு. அனுப்பிட்டா மூச்சு சரியாயிடும். மனசு சரியாகாதுங்க. ஹாவ்... மன்னிச்சுக்குங்க.

— நான் ரொம்பப் போரடிக்கிறேனோ?

— சேச்சே, கொட்டாவி அதுவா வருது.

— சரி, எப்படித்தான் சமாளிக்கறீங்க?

— அதுக்கெல்லாம் சட்டம் இருக்கு. கூண்டு வீட்டுக்குள்ள வரக்கூடாது. முடி வார்றது எல்லம்மா வேலை, அதுவும் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு. நான் தூக்கிக் கொஞ்சினா உடனே தலைக்குக் குளியல், கட்டின புடவை நேரா வாளிக்கு. கிட்டப் போறப்போ மூக்கைச் சுத்தி ஒரு துணி.

— அந்தத் துணி கதைய கேளு சார்! மூஞ்சில துணி கட்டிகினு இங்க குனிஞ்சுகினு இருந்திச்சா, பக்கத்து வூட்டு தட்சிணாமூர்த்தி சாரு திருடன் திருடன்னு கத்தி, தெருவே தடியோட வந்துடுச்சு. ஒரே பேஜாரு!

— மாத்திரை எதுவும் இல்லையா இதுக்கு?

— மஞ்சளா ஒரு மாத்திரை இருக்கு. காலையில போட்டா ராத்திரி வரைக்கும் கண்ணும் மூக்கும் காய்ஞ்சே இருக்கும். ஆனா ஒரே தூக்கம். ஒரு நாள் ஆபீஸ்ல டைப்ரைட்டர் மேலயே சாஞ்சுட்டேன். கன்னம் பூரா எழுத்துக் கட்டை பதிஞ்சுபோச்சு. பிரின்சிபால் என் மூஞ்சியைப் பாத்து ஏ, எஸ், டி, எஃப்னு படிக்கறார்.

— அந்த மாத்திரையை நிச்சயதார்த்தத்தன்னிக்குப் போட்டிருக்கலாமே!

— போட்டுட்டு உங்கம்மா எதிர்ல கொட்டாவி விடறதா? அழுதாலாவது பொண்ணுக்கு வெக்கம்னு சொல்லலாம். கொட்டாவிக்கு என்ன பேர் சொல்றது? அதான் ஒரு வாரமா கூண்டுப் பக்கமே போகலை. எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு, உங்க ஏசுபாதம் மாமா வர்ற வரைக்கும்.

— எங்க மாமாவா? அவர் என்ன பண்ணார்?

— எல்லாருக்கும் முன்னாடி வந்தார். நேரா கொல்லைக்கு வந்தார். பட்டாணியை வெளிய எடுத்துக் கையில தூக்கித் தூக்கிப் பாத்தார்.

— ஐயோ. எடையா?

— 'உரிச்சா ஒரு கிலோ தேறுமாம்மா?'ன்னு என்னியே கேட்டாரு சார். நாக்க வேற சப்பு கொட்டிகினாரு. 'விருந்துக்கு வெறும் மட்டன்தானா?'ன்றாரு.

— மாமாவுக்குப் பறக்கறது, நடக்கறது எல்லாம் ஒண்ணுதான். படப்பைப் பக்கம் போனா காடை, கௌதாரி இல்லாம திரும்ப மாட்டார்.

— எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ரெண்டையும் பூட்டு இருக்கற ரூம்ல கொண்டு போய் விடுன்னு எல்லம்மாகிட்ட சொல்லிட்டு, நான் தலை பின்னிக்கப் போயிட்டேன்.

— இந்த வூட்ல பூட்டு கீற ரூமு ஒண்ணே ஒண்ணுதான் சார். பாப்பா ரூமு.

— அங்க என்ன இருந்துச்சு?

— கட்டில். கட்டில் மேல விரிச்சு வெச்ச என் நிச்சயதார்த்தப் புடவை.

— ஐயையோ!

— ரெண்டும் அதுல ஏறி ஆசை தீர உருண்டிருக்கு. புடவை வெள்ளைப் பட்டு, முடியும் வெள்ளை. யாருக்குத் தெரியும்? எல்லம்மா எடுத்துட்டு வந்து குடுத்ததை உதறாம கட்டிக்கிட்டு வந்து உங்க எதிர்ல உக்காந்துட்டேன்.

— அப்போ, போதகர் 'உனக்கு முழுச் சம்மதமா மகளே'ன்னு கேட்டப்போ...

— சம்மதம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தும்மல் முட்டிக்கிட்டு வந்துச்சு. கல்யாணப் பேச்சுக்கு நடுவுல தும்மினா உங்க பக்கத்துல என்ன சொல்வாங்களோன்னு அடக்கினேன். தண்ணி கண்ணு வழியா வந்துடுச்சு. முந்தானையால துடைச்சேன்.

— முந்தானையிலயும் முடி!

— முந்தானையிலதான் முடியே! உங்கம்மா ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு, 'அழாதே கண்ணு'ன்னு அதே முந்தானையை எடுத்து இன்னும் நாலு தேய் தேய்ச்சாங்க... சிரிக்காதீங்க!

— சிரிக்கலைங்க... அம்மாவை நினைச்சேன்... நீங்களும்தான் சிரிக்கறீங்க! முதலைக் கண்ணீர் கேள்விப்பட்டிருக்கேன். முயல் கண்ணீர் இன்னிக்குத்தான் கேள்விப்படறேன். ஆனா அப்பவே சொல்லியிருக்கலாமே?

— முயல்தான் காரணம்னு சொன்னா உங்க மாமா சும்மா இருப்பாரா? 'இவ்வளவுதானா, இப்பவே அடுப்புல ஏத்திடலாம்'னு கிளம்பியிருப்பார்.

— அது வாஸ்தவம். மிஸ் யூனிஸ், கதை ரொம்ப அழகா இருக்கு. அதுதான் எனக்கு இடிக்குது. நான் கஷ்டப்படக்கூடாதுன்னு சொல்றீங்களோ? இல்ல, உங்கப்பா சொல்லிக் குடுத்தாரா?

— நம்பலையா? எல்லம்மா, பட்டாணியைக் கொண்டா! மடியில வெச்சுக்கறேன். ரெண்டே நிமிஷம், என் மூஞ்சி எப்படி ஆகுதுன்னு நீங்களே பாருங்க.

— இந்தா பாப்பா, புடி. ஒதைக்கும், பாத்து.

— பாத்துக்கிட்டே இருங்க.

— பாக்கறேன்.

— கன்னத்துல தேச்சுக்கறேன். இதோ, மூக்குலயும்.

— கண்ணு தெளிவா இருக்குங்க. ரொம்ப... நல்லாவே இருக்கு.

— கொஞ்சம் இருங்க. வரும்.

— தும்மலாவது?

— வருது, வருது. ஹ... ஹா...

— வந்துச்சா?

— போயிடுச்சு.

— அடியே பாப்பா! காலையில அந்த மஞ்ச மாத்திரைய முழுங்கினியே!

— ஐயோ!

— மாத்திரையா? இன்னிக்கா? எதுக்கு?

— சொல்லாதே எல்லம்மா.

— சொன்னா இன்னா? சார் வர்றாருன்னு அய்யா சொன்னதும், மூக்கு செவந்து இருந்தா அசிங்கமா இருக்கும்னு ஒண்ணுக்கு ரெண்டா போட்டுகிச்சு சார். அதான் அந்தக் கொட்டாவி.

— சரிங்க, நான் கிளம்பறேன்.

— ஏன் எழுந்துட்டீங்க?

— மிஸ் யூனிஸ், உங்களுக்கு நல்ல மனசு. உங்க எல்லம்மாவுக்கும் நல்ல மனசு. அன்னிக்கு முயல் இல்லாம கண்ணீர் வந்துச்சு. இன்னிக்கு முயலை வெச்சுத் தேச்சும் வரலை. என் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க?

— அன்னிக்கு முயல் புடவையில இருந்துச்சுன்னு சொல்றேனே!

— என்னைப் பிடிக்கலைன்னா அதுல அதிசயம் ஒண்ணும் இல்லைங்க. என் காதைப் பாருங்க. பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே முயல்தான். கண்ணாடியைப் பாத்தா எனக்கே தெரியுது.

— அந்தக் காதைப் பாத்துட்டுத்தான் நான் சரின்னே சொன்னேன்!

— இப்படிப் பேசினா நான் இங்கயே உக்காந்துடுவேன். வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அன்னிக்கு நீங்க அழுதப்போ எனக்குக் கோவமே வரலை. இந்தப் பொண்ணை ஒரு தடவையாவது சிரிக்க வெச்சுப் பாக்கணும்னுதான் ஆசையா இருந்துச்சு. இன்னிக்குப் பாத்துட்டேன். போதும். சைக்கிள் முன்னாடிதானே இருக்கு? நான் வர்றேன்.

— குடு பாப்பா முயல, கசக்காத, கூண்டுல வுடறேன். சார்! சார்! இன்னா சார், வந்த வேகத்துலயே போறியே! காப்பியாவது...

— ஜெபராஜ்! நில்லுங்க! ஸ்டாண்டை எடுக்காதீங்க. என் பேச்சை நம்பாதீங்க, எல்லம்மாவை நம்பாதீங்க, ஆனா போதகர் வீட்டுக்கு மட்டும் போகாதீங்க. நாளைக்கு ஓலை வாசிக்கறப்போ போட்டுக்கணும்னு நீலக் கலர்ல ரவிக்கை கூட தெச்சு வெச்சிருக்கேன். கூண்டை உங்க வீட்டுல எந்த மூலையில வெக்கலாம், மாமா கண்ணுல படாம எப்படி மறைக்கலாம்னு எல்லாம் யோசிச்சு வெச்சுட்டேன். எனக்கு நீங்க வேணும். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெ... தெரியலை...

— யூனிஸ்! அடடா, வந்துடுச்சு! கண்ணு ரெண்டும் கொட்டுது! மூக்கும் செவந்துடுச்சு! எல்லம்மா, ஓடி வா, முயல் வேலையைக் காட்டிடுச்சு! நம்பறேன் யூனிஸ், சத்தியமா நம்பறேன். போய் முகத்தைக் கழுவு, அப்புறம் மூச்சு முட்டப் போகுது!

— ஐயே, இன்னா சார் நீ! முயலு அப்பவே கூண்டுக்குப் பூடுச்சு. மாத்திரை ராத்திரி வரைக்கும் நிக்கும். பாப்பா இப்பத்தான் நெசமா அழுவுது.