மூச்சில் ஆடும் தகடுகள்

உங்கள் காவல் நிலைய மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டும், ஐயா. கிறீச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் எனக்கு வேறெதுவும் ஓடாது. அசையும் சிற்பம் செய்கிறவனுக்கு அசைவு மட்டும்தான் தெரிய வேண்டும். சத்தம் வந்தால் வேலை சுத்தமில்லை என்று அர்த்தம்.

என் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்ன மோட்டார். என் மனைவி மார்பில் மூச்சை அளக்கும் ஒரு பட்டை கட்டிக்கொள்வாள். அவள் மூச்சு ஏறினால் தகடுகள் ஏறும், இறங்கினால் இறங்கும். காட்சிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் சிறிய அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்திரிகை படித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

காட்சிக்கூடத்துக்காரர் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "அழகாத்தான் இருக்கு. ஆனா தூங்கிட்டு இருக்கு சார்," என்றார். என் பாதி ஆயுளை ஒரே கொட்டாவியில் முடித்துவிட்டார்.

மறுநாள் காற்றில் அந்தக் கதவு சாத்திக்கொண்டு பூட்டும் விழுந்துவிட்டது. அது விபத்து, குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூடிய அறை ஆகாது, மூச்சிழுப்பு வந்துவிடும். தகடுகள் துடித்த துடிப்பைப் பார்த்துக் காட்சிக்கூடத்துக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதேதான் சார் திறப்பு விழாவுக்கு வேணும்!"

வீட்டில் அவளிடம் பக்குவமாகப் பேசினேன். கட்டாயப்படுத்தவில்லை.

"கொஞ்ச நேரம்தாம்மா. முடியலன்னா பட்டையைக் கழட்டிடு. தகடு நின்னதும் ஓடி வந்து திறந்துடுறேன்."

"மறந்துட மாட்டீங்களே?"

"தகட்டைத் தவிர நான் வேற எதைப் பார்க்கப் போறேன்?" என்றேன். சிரித்தாள்.

ஒத்திகையில் ஒரு சிக்கல் வந்தது. இழுப்பு தொடங்கியதும் அவள் இன்ஹேலரை உறிஞ்சிவிடுவாள். தகடுகள் உடனே அடங்கிவிடும். அதனால் விழாவன்று அவள் கைப்பையிலிருந்து அதை எடுத்து என் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். சொன்னால் வீணாகப் பயந்திருப்பாள். அறைச் சுவருக்கும் கதவுக்கும் பஞ்சு பதித்ததும் நான்தான். தட்டுகிற சத்தம் கூடத்துக்கு வந்தால் வேலை சுத்தமில்லை.

அன்று தகடுகளுக்கு உயிர் இருந்தது. எழுந்தன, நடுங்கின, ஒன்றோடொன்று மோதப் போய்க் கடைசி நொடியில் விலகின. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் சட்டென்று நின்றன.

அவள் பட்டையைக் கழற்றிவிட்டாள் என்று அந்தக் கணமே எனக்குத் தெரியும். ஆனால் கூடம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. அதுதான் முடிவு என்று நினைத்துவிட்டார்கள். அதைவிட நல்ல முடிவை நானே யோசித்திருக்க முடியாது. நடுவில் ஓடினால் ஏதோ பழுது என்றல்லவா நினைப்பார்கள்?

எல்லோரும் போன பிறகு திறந்தேன். பட்டை அவள் கையில் இருந்தது. மூச்சு இல்லை.

சாவி ஒரு பையில் இருந்தது, இன்ஹேலர் இன்னொரு பையில். கதவு என் முதுகுக்குப் பின்னால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டம் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு, ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கியது. நான் எப்படி ஐயா நகர முடியும்? அவளைவிட நான்தான் அன்று மாட்டிக்கொண்டிருந்தேன்.