ப்ரூனோவின் பிளாஸ்டிக் புல்

சிஞ்ச்வடிலிருந்து புனே போகும் லோக்கல். மே மாத வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே எல்லோர் மடியிலும் கோடு போட்டுக்கொண்டே வந்தது. எதிர் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண்மணி கணவரிடம் சொன்னார்:

“முதல்ல இந்த வெயில்ல அது மேல நீங்க வெறுங்காலோட நில்லுங்க. அப்புறம் நாயை நிறுத்தலாம்.”

கணவர் மடியில் ஒரு பை நிறைய டயர் ரப்பர் பொடி. வீட்டுக்குப் பின்னால் விரித்திருக்கும் பிளாஸ்டிக் புல்லுக்கு நடுவே தூவுவதற்காம்.

“அதுக்கு நாலு கால்டி. சூட்டைப் பங்கு போட்டுக்கும்.”

“வாடையையும் பங்கு போட்டுக்குமா? இன்னொரு தடவை மூத்திர வாடை வந்தா ப்ரூனோவை வெளியே அனுப்பிடணும்னு அபார்ட்மென்ட் சொசைட்டி செகரட்டரி சொல்லிட்டார்.”

“அப்போ மணல் போடுவோம்.”

“மணலைப் பார்த்தா பில்டிங் பூனையெல்லாம் வந்து வரிசையில நிக்கும். வாடையை உறிஞ்சற கல்லுப்பொடி இருக்காம். அதை வாங்குங்க.”

“உறிஞ்சிடுச்சுன்னு செகரட்டரி எப்படி நம்புவார்?”

“அந்தப் புல்லு மேலயே நாற்காலி போட்டு உட்காரவெச்சு காபி கொடுப்போம். முகம் சுளிக்காம குடிச்சுட்டார்னா ப்ரூனோ நம்மளோட இருக்கும்.”

“சுளிச்சுட்டார்னா?”

மனைவி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“காபி நீங்க போட்டதுன்னு சொல்லிடுவேன்.”