வீட்டுச்சொல்

கூரியரில் வரும் அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடுவதற்கு முன், அதில் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். பெயர், கதவு எண், கைப்பேசி எண் எல்லாம் அதில் இருக்கின்றன. திருடனுக்கு அது போதும். உங்கள் காவல் நிலைய வாசலில் இரண்டு பெட்டிகள் சீட்டோடு கிடக்கின்றன. உள்ளே வரும்போதே பார்த்தேன். என்னை விசாரித்து முடித்தபின் அதைக் கவனியுங்கள்.

நான் வங்கியில் முப்பத்தொரு வருடம் கையெழுத்து ஒப்பிடும் மேசையில் இருந்தவன். காசோலையில் இருக்கும் கையெழுத்தையும் எங்களிடம் இருக்கும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு சுழி குறைந்தாலும் திருப்பிவிடுவேன். ஒருமுறை மேலாளரின் மாமனார் காசோலையையே திருப்பினேன். "எதிர்ல உக்காந்திருக்கார், உங்களுக்கே அவரத் தெரியும், அப்புறம் என்ன சார்?" என்றார் மேலாளர். ஆளை எனக்குத் தெரியும், கையெழுத்தைத் தெரியவில்லை என்றேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கு அன்று மதியம் நல்ல பசி.

ஓய்வு பெற்றபின் அதே ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என்னுடைய, மனைவியுடைய, தம்பியுடைய முக்கியமான காகிதங்கள் எல்லாம் என் இரும்பு பீரோவில். சாவி என் இடுப்பில். தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். பல் பிடுங்கப் போன இடத்தில் அவனுக்கு ஒரு ஊசி ஒத்துக்கொள்ளாமல் தொண்டை வீங்கிப் பிழைத்தது மறுபிறவி. அந்த மருந்தின் பெயரை டாக்டர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தார். அவனுக்கு அந்தப் பெயர் வாயிலும் நுழையாது, நினைவிலும் நிற்காது. சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தான். பர்ஸ் களவு போனால் உடம்பு ரகசியமும் போகுமே என்று அதையும் நான்தான் வாங்கிப் பூட்டினேன். அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுச்சொல். இப்போதெல்லாம் குரலையே திருடிப் பேசுகிறார்கள். 'விபத்தில் மாட்டிக்கொண்டேன், உடனே உதவு' என்று நம் பிள்ளை குரலிலேயே அழுகிறார்கள். அதனால் வீட்டார் மூவருக்கும் ஒரு ரகசியச் சொல். அதைச் சொல்லாதவர் யாராக இருந்தாலும் அந்நியர். சாப்பாட்டு மேசையில் வைத்து அறிவித்தேன்: தாழ்ப்பாள்.

"தாப்பா. சரிண்ணே" என்றான் தம்பி.

"தாப்பா இல்ல. தாழ்ப்பாள்."

"அதத்தானே நானும் சொல்றேன், தாள்ப்பா."

மனைவிக்குச் சிரிப்பு. "பூனை, கிளின்னு லேசா ஒண்ணு வைக்கக் கூடாதா? ஊர் உலகத்துல எல்லாரும் தாப்பான்னுதானே சொல்றாங்க?" என்றாள். ஊர் உலகம் ஏமாறுவதும் அதனால்தான் என்றேன். மறுவாரம் அவளே கடையிலிருந்து வந்து, கதவைத் திற என்று மட்டும் சொல்லிக்கொண்டு இரண்டு பை காய்கறியோடு வெயிலில் நின்றாள். அரை மணி நேரம் கழித்துச் சொல்லைச் சொன்னாள், கதவைத் திறந்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அதன்பிறகு ஒருமுறைகூட மறக்கவில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலை பதினொன்று பத்துக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அண்ணே, நான்தான். லிஃப்ட் குழில விழுந்துட்டேண்ணே. போன் நொறுங்கிருச்சு. ஆஸ்பத்திரில இருக்கேன். எனக்கு ஆகாத ஊசி பேரக் கேக்கறாங்க. அந்தச் சீட்டப் பாத்துச் சொல்லு."

வீட்டுச்சொல் என்ன என்று கேட்டேன்.

"அய்யோ... தாப்பாண்ணே."

தவறு என்றேன்.

"தாள்ப்பா. அண்ணே, வெளையாடாத. வலி உயிர் போவுது."

பிறகு ஒரு நர்ஸ் வாங்கிப் பேசினாள். "சார், உடனே ஆபரேஷன் பண்ணணும், காத்திருக்க முடியாது. மருந்து பேர் மட்டும் சொன்னாப் போதும்." தனிப்பட்ட விவரங்களைத் தொலைபேசியில் சொல்வதில்லை என்றேன். எச்சரிக்கை விளம்பரங்களில் இதைத்தானே சொல்கிறார்கள்? சொன்னதைக் கேட்டு நடந்தவனைத்தான் இங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள்.

அழைப்பு முடிந்ததும் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரு? சின்னவன் குரல் மாதிரி கேட்டுச்சே?"

"குரல் திருடன்" என்றேன். நோட்டில் தேதி, நேரம், எண் குறித்து, 'முயற்சி முறியடிக்கப்பட்டது' என்று எழுதினேன். நாலு மணிக்கு உங்கள் ஆள் வந்து கதவைத் தட்டினார். அந்த ஊசியையே போட்டுவிட்டார்களாம், தம்பி போய்விட்டானாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் சீட்டு இல்லை.

பகை ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. மூன்று வருடம் முன்பு ஒரு பெண் என்னை அழைத்தாள். வங்கியிலிருந்து என்றாள், என் பழைய மேசை எண்ணைச் சொல்லி, சார் மாதிரி ஆளுங்க இப்ப கிடையாது என்றாள். கைப்பேசியில் வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டேன். சேமிப்பு போனது. அதுகூடப் பரவாயில்லை. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த ஒரு விருந்தில் தம்பி எழுந்து நின்று, "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, களுநீர்ப் பானையில விளுமாம் துள்ளி" என்றான். முப்பது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பல்லி. போன மாதம்கூட ஒரு பொடியன் 'பல்லித் தாத்தா' என்றான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அந்த வலி போகவில்லை.

மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். முதல் 'அண்ணே'யிலேயே குரல் தெரிந்துவிட்டது. மருந்தின் பெயர் எனக்கு மனப்பாடம். பீரோவைத் திறக்கவே வேண்டியதில்லை. அவன் வாய்க்கு ழகரம் வராது என்று தெரிந்துதான் அந்தச் சொல்லை வைத்தேன். சுலபமாக வாயில் வருவதற்குப் பெயர் பாதுகாப்பா?

நர்ஸ் உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருப்பாள். அதுவும் உண்மைதான். நான் மறுத்ததும் அவன் கைப்பேசியை அவளிடமிருந்து திரும்ப வாங்கினான். பிறகு நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்: "தாழ்ப்பாள்." சுத்தமான ழகரம். பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாற்பத்தாறு வருடமாக அவனை எனக்குத் தெரியும். அவ்வளவு சுத்தமாகச் சொல்கிறவன் என் தம்பியாக இருக்க முடியாது. அழைப்பைத் துண்டித்தேன்.