வெங்கச்சங்கல் கீறிய மரகதம்

இந்த டீயை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். சர்க்கரை போட்டிருக்கிறார்கள், எனக்கு ஆகாது. மற்றபடி நல்ல டீதான். ஸ்டேஷன் டீயில் இவ்வளவு பாலை நான் எதிர்பார்க்கவில்லை.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் மோதிரம் என் கடையில் விற்றதுதான். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் இரண்டு நாள் மெனக்கெட்டிருக்க வேண்டாம். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். அந்தக் கல்லின் பெயர் ஆலிவின். மக்னீசியமும் இரும்பும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம். மாங்காய்ப் பச்சை, லேசாக மஞ்சள் அடிக்கும். பூமியின் மேலோட்டுக்குக் கீழே போனால் பல நூறு கிலோமீட்டருக்கு இதுதான் அதிகம். சேலம் பக்கத்தில் சில குன்றுகளில் மேலேயே எட்டிப் பார்க்கும். நம் கடற்கரையில் கிடையாது. தனுஷ்கோடி மணலை லாரி லாரியாகச் சலித்தாலும் ஒரு துணுக்குத் தேறாது. காற்றும் தண்ணீரும் பட்டால் மற்ற கற்களைவிடச் சீக்கிரம் இற்றுப்போகும்.

ராமேஸ்வரத்தில் பத்தொன்பது வருடமாக ராசிக்கல் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ‘பூமிநாதன், எம்.எஸ்சி. ஜியாலஜி’ என்று இருக்கும். பட்டம் அசல், சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். தெருவில் மற்றவர்கள் பச்சைக் கண்ணாடியை மரகதம் என்று விற்றார்கள். அந்த அசிங்கத்தை நான் செய்யவில்லை. நான் ஆலிவினைத்தான் மரகதம் என்று விற்றேன். கூடவே ஒரு கார்டு கொடுப்பேன்: ‘இயற்கையான பச்சை நிற சிலிகேட் கனிமம்.’ மரகதமும் சிலிகேட், ஆலிவினும் சிலிகேட். கார்டில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. மரகதம் என்று வாயால்தான் சொன்னேன்.

காளீஸ்வரன் ஆனி மாதம் வந்தார். முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் விவசாயி. மகள் ஜோதிகா, பதினொன்றாம் வகுப்பு. ஒன்பது வயதிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி போடுகிற பிள்ளை. ஜாதகத்தில் புதன் சரியில்லை, மரகதம் போட்டால் உடம்பு தேறும் என்று யாரோ ஜோசியர் சொல்லியிருக்கிறார். அந்த ஜோசியருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மோதிரத்தைக் கொடுக்கும்போது, “ஊசியையும் விட்றாதீங்க” என்று சொல்லித்தான் அனுப்பினேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நல்லதாக எழுத இந்த வழக்கில் வேறு அதிகம் கிடைக்காது.

ஆடி அமாவாசை அன்று அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். நல்ல உச்சி வெயில். கடலில் முழுகிவிட்டு வந்த கூட்டம், கடைத் தரையெல்லாம் ஈரம். கல்லாவைச் சுற்றி ஒன்பது பேர் விரலை நீட்டிக்கொண்டு மோதிர அளவுக்கு நிற்கிறார்கள். ஜோதிகா மோதிரத்தைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்தாள். பக்கத்தில் அவர்கள் மிளகாய்க் காட்டில் பொறுக்கிய ஒரு வெங்கச்சங்கல்லையும் வைத்தாள். நம் ஊர்ப் பிள்ளைகள் உரசித் தீப்பொறி பார்க்கும் அதே வெள்ளைக் கல்தான், மேடம்.

“சார், மரகதம்னா இந்தக் கல்லக் கீறணும். ஆனா மோதிரக் கல்லுதான் கீறல் வாங்கியிருக்கு. புஸ்தகத்துல பாத்துட்டுத்தான் உரசுனேன்.”

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கடினத்தன்மையில் பத்துக்கு வெங்கச்சங்கல் ஏழு. மரகதம் அதற்கு மேலே, ஆலிவின் அதற்குக் கொஞ்சம் கீழே. பத்தொன்பது வருடத்தில் என் கடையில் கல்லைப் பற்றி ஒழுங்கான கேள்வி கேட்ட முதல் ஆள் அந்தப் பெண். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. கூட்டம் இல்லாத நாளில் வந்திருந்தால் உட்காரவைத்துக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்திருப்பேன், சர்க்கரை இல்லாததாக.

ஆனால் ஒன்பது பேர் நீட்டிய விரலை மெதுவாக மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நான் அவளிடம் பேசவில்லை, அவள் அப்பாவிடம் பேசினேன்.

“கல்லு கீறல் வாங்குச்சுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? பிள்ளையோட நோவை அது வாங்கிக்கிருச்சு. இதுக்கு நீங்க சந்தோசப்படணும்.”

கூட்டத்தில் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். காளீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப ஊசி, சார்?” என்றார்.

கேட்டது அவர்தான், கவனியுங்கள். ‘ஊசி போடுங்கள்’ என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நோவைக் கல் வாங்கிய பிறகும் ஊசி எதற்கு என்று அந்த ஒன்பது பேரும் யோசிப்பார்களே. படித்தவன் ஒரே வாயில் இரண்டு பேச்சுப் பேசக் கூடாது.

“இனி எதுக்கு ஊசி?” என்றேன்.

“அய்யா, ஊசிய நிப்பாட்டக் கூடாதுய்யா. டாக்டரம்மா என்ன சொன்னாக?” என்று அந்தப் பிள்ளை அப்பா கையைப் பிடித்தாள்.

“சும்மா இருத்தா. சார் எம்புட்டுப் படிச்சவுக, அங்கன பாரு.” என் பட்டத்தைக் காட்டினார். அவள் பட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் அடுத்தவர் விரலை அளக்க ஆரம்பித்தேன். ஒன்பது பேரில் ஏழு பேர் கல் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. “சார், பிள்ள தண்ணி தண்ணின்னு கேக்குது. வாந்தி நிக்கல. மூச்சு வாங்குது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகவா?”

ஆஸ்பத்திரியில் சும்மா இருக்க மாட்டார்கள். ஊசியை ஏன் நிறுத்தினாய், யார் சொன்னது என்று கேட்பார்கள். “நோவு வெளிய போறப்ப அப்படித்தான் இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க” என்றேன். மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மா மீனம்மாள் புருஷனிடம் கேட்காமல் ஆட்டோ பிடித்தார். ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து காளீஸ்வரன் கடைக்கு வந்தார். சண்டைக்கு இல்லை. “இதவிடப் பெரிய கல்லா வாங்கியிருந்தா தாங்கியிருக்குமா, சார்?” என்று கேட்டார். தாங்கியிருக்கும் என்றேன். தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதார். பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

அடுத்த நாள் மீனம்மாள் வந்தார், அதே வெங்கச்சங்கல்லோடு. தட்டில் இருந்த பச்சைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீறினார். கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஆலிவினும் வெங்கச்சங்கல்லும் ஒரே பாறையில் சேர்ந்து இருப்பது அபூர்வம் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். அதன்பிறகுதான் அவர் உங்களிடம் வந்தார்.

பிள்ளை செத்துப்போகும் என்று தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும், மேடம். ஊசி நின்றால் முதலில் தாகம், பிறகு வாந்தி, பிறகு மூச்சு. மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஒரு நாள் தாங்குவது கஷ்டம். ஒரு நாள் பொறுக்கச் சொன்னதும் அதனால்தான். பேச அவள் இல்லையென்றால் கீறலைப் பற்றிப் பேச வேறு ஆள் இல்லை என்று நினைத்தேன். அந்த அம்மாவை நான் கணக்கில் எடுக்கவில்லை. எழுதியாகிவிட்டதா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மணி ஒன்றாகிறது. என் பையில் ஐஸ் வைத்த ஒரு நீல டப்பா இருக்கும், அதைக் கொஞ்சம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நான் இன்சுலின் போட வேண்டும். பதினோரு வருடமாக ஒரு வேளை விட்டதில்லை, மேடம். இந்த ஊசி விஷயத்தில் அலட்சியமாக இருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.