சிவப்பு அம்பு

வெள்ளை பனியனில் எண்ணெய்க் கறையைக் கண்டுபிடிக்க டியூப் லைட்டை நம்பக் கூடாது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பதினெட்டு வருடமாக எங்கள் கம்பெனியில் செக்கிங் என் பொறுப்பு. கறை, ஓட்டை, பிசிறு எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். கறை போனதும் உரித்துவிடுவோம். நீங்கள் அந்த ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதால் இதை முதலில் சொல்கிறேன், மேடம்.

என் மாமனார் ஞானசம்பந்தத்துக்கு எட்டு வருடமாக பார்க்கின்சன் வியாதி. மண்ணரை ஏரியாவில் எங்கள் கட்டடம். கீழே பனியன் கம்பெனி, மாடியில் வீடு. கட்டிங் மேசையில் நின்று நின்றே இந்தக் கம்பெனியை உண்டாக்கியவர். கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதத் தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தின மூன்று வருடம் நடுங்கிக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தார். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பிளாஸ்டிக் விரிப்பு, மூன்று வேளையும் துடைப்பது, டெட்டால். எச்சில் வடியும். வடியட்டும், ஒரே இடத்தில்தானே.

போன வருடம் கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. மூளைக்குள் இரண்டு கம்பி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி. மிஷினைப் போட்ட அன்று டாக்டர் தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தார். சொட்டுச் சிந்தாமல் குடித்தார். என் வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் அழுதேவிட்டார். ஈ.சி.ஜி. மாதிரி எதற்காவது அணைக்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று ஒரு ரிமோட் கொடுத்தார்கள். பொறுப்பானவர் கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கை நடுக்கம் போயிற்று, கால் இறுக்கம் போயிற்று. பேச்சுக் குழறலும் எச்சிலும் போகவில்லை. அவை இந்த மிஷினுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாதாம். ஆக, எச்சிலுக்குக் கால் முளைத்துவிட்டது. சமையலறை, சோபா, சாமி அறை என்று எங்கும் வந்தார். தாடையிலிருந்து சட்டைப் பொத்தான் வரை அறுந்து விழாமல் நூலாகத் தொங்கும். என் மகள் யாழினியின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். ஒரு நாள் செக்கிங் மேசைக்கே வந்து, பேக்கிங்குக்கு வைத்திருந்த வெள்ளைப் பீஸ் ஒன்றை ஆசையாகத் தடவிப் பார்த்தார். அதன் மேல் இரண்டு சொட்டு விழுந்தது. என்னோடு செக்கிங் பார்க்கும் மருதாள் தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, அதையே இடுப்பில் செருகிக்கொண்டு வேலை பார்த்தாள். மனிதர்களுக்கு எப்படித்தான் குமட்டாமல் இருக்கிறதோ தெரியவில்லை.

முதலில் விருந்தாளிகள் வரும்போது மட்டும் அவர் மிஷினை நிறுத்தினேன். சேரில் உட்காரவைத்து, ரிமோட்டை நெஞ்சருகே பிடித்து ஒரு அழுத்து. ஐந்து நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்கும். அரை மணியில் உடம்பு இறுகி, வைத்த இடத்தில் இருப்பார். சாப்பாட்டு மணி அடித்தால் தையல் மிஷின்களை நிறுத்துவதில்லையா, அப்படித்தான். வேலை முடிந்ததும் போட்டுவிடுவேன். பிறகு வீடு துடைக்கும்போது நிறுத்தினேன். பிறகு துடைத்தது அழுக்காகாமல் இருக்க. மிஷினில் பதிவானபடி இருநூற்றுப் பதினான்கு தடவை என்கிறீர்கள். இருக்கலாம், நான் எண்ணவில்லை.

அவர் சொல்லாமலும் இல்லை. ஆனால் அந்தக் குழறல் எனக்கு மட்டும்தான் புரியும். ஒரு நாள் என்னைக் காட்டிக் காட்டி மகனிடம் வெகுநேரம் சொன்னார்.

"அப்பா என்னங்கறாரு?" என்று இவர் கேட்டார்.

"டிவி சத்தம் ஜாஸ்தியா இருக்குதாமுங்க" என்றேன்.

இவர் எழுந்துபோய் சத்தத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகு மாமனார் மகனிடம் பேசவில்லை. நான் ரிமோட்டை எடுத்தால், முதுகு சாய வசதியான சேராகப் பார்த்து அவரே போய் உட்கார்ந்துகொள்வார். பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்கு பையர் இன்ஸ்பெக்‌ஷன், சரக்கு வாங்குகிறவர்கள் வந்து பார்ப்பது. பத்தரைக்கு அவருக்குச் சந்தகை இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தேன். தன் கையாலேயே தின்றார். பால் உதட்டோரத்தில் நுரைத்து, எச்சிலோடு சேர்ந்து கழுத்துச் சுருக்கத்தில் இறங்கியது. அதை விரலால் வழித்து மறுபடி வாயில் வைத்தார். டிராயரைத் திறந்து ரிமோட்டை எடுத்தேன். அவர் பார்த்தார்.

"இன்னும் ஒரு வாய் தின்னுக்கறன் சாமி. அப்பறம் நிறுத்திக்க."

அதைச் சொன்னபோதும் வாய் நிறையச் சந்தகை. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அழுத்திவிட்டு, ரிமோட்டோடு கீழே போய்விட்டேன். தட்டு அவர் மடியிலேயே இருந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்தேன். முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. கொர் கொர் என்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கண் என்னைத்தான் பார்த்தது. மார்பெல்லாம் சந்தகை. யாரையாவது கூப்பிட்டால் மேலே வருவார்கள். அந்தக் கோலத்தில் அவரை எப்படிக் காட்டுவது? முதலில் வாயைத் துடைத்தேன். சட்டையை மாற்றினேன், வேட்டியை மாற்றினேன். தரையை இரண்டு தண்ணீர் விட்டுத் துடைத்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். நடுவில் எப்போதோ அந்தச் சத்தம் நின்றிருந்தது. அதன் பிறகு மிஷினைப் போட்டேன். கை அசையவில்லை. அப்புறம்தான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் எல்லோரும், தூங்குகிறவர் மாதிரி இருக்கிறார் என்றார்கள்.

இப்போது ஸ்டிக்கருக்கு வருகிறேன். அந்தப் புதன்கிழமைக்குப் பத்து நாள் முன்பிருந்து, நான் ரிமோட்டைப் பூட்டி வைக்கும் டிராயரின் மேல் தினமும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. சாவித் துவாரத்தை நோக்கி, கோணாமல், சுருக்கம் விழாமல். மிஷின் ஓடும் நேரத்தில் அவர்தான் கீழேயிருந்து எடுத்துவந்து ஒட்டியிருக்க வேண்டும். கடைசி நாள் ஒட்டியதைப் பார்த்து உரிக்க எனக்கு நேரமில்லை. அதைத்தான் நீங்கள் கவரில் போட்டு வைத்திருக்கிறீர்கள். மகன் கண்ணில் படட்டும் என்று ஒட்டினார் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் ஒவ்வொரு தடவையும் ஜன்னலைத் திறந்து, நல்ல வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தேன். அங்கே கறை எதுவும் இல்லை. அதனால் உரித்துவிட்டேன்.