என்ஜின் ரூமுக்கு வெளியே

– நல்லா ஓடிட்டு இருந்த ஃபேனை எதுக்குங்க கழட்டுனீங்க?

– பேரிங்ல சத்தம் வருது.

– நேத்து குழாய். அதுக்கு முந்தி என் தையல் மெஷின். கப்பல்ல இருந்து ரிட்டயராகி வந்து ஒரு மாசம்தான் ஆகுது, இந்த வீட்ல நீங்க கழட்டாம மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான்.

– மெஷின் இப்ப சத்தமில்லாம ஓடுதா இல்லையா?

– ஓடுது. ஊமை மாதிரி ஓடுது, எனக்குத்தான் தைக்க வரமாட்டேங்குது. சரி, ஸ்டூல் மேல ஏறுனது ஏறுனீங்க, அப்படியே பரண்ல இருந்து அந்தப் பெட்டிய எடுத்துக் கொடுங்க.

– பெட்டி எதுக்கு? கடைக்குத் துணி எடுக்கப் போறியா?

– உங்க கப்பல் குக்கோட வீட்டுக்குப் போறேன்.

– எந்த குக்கு?

– எத்தனை குக்கு வெச்சிருந்தீங்க? வருஷக்கணக்கா உங்களுக்கு ஆக்கிப் போட்டாரே, அவரு. அவரு சம்சாரத்துக்கு ஆபரேஷன். கூட இருக்க ஆளில்ல. சாயங்காலம் ஃப்ளைட்டு.

– இங்க பாரு, லாஜிக்கா பேசு. அவன் வேற தேசத்துக்காரன். கடல் தாண்டிப் போகணும்.

– தெரியுங்க. டிக்கெட்ல போட்டிருக்கு.

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?

– நேத்து சொன்னேன். நீங்க தொட்டிக்கு அடியில தலையை விட்டுட்டு 'ம்'னீங்க. அந்த 'ம்'மை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

– அந்த 'ம்' ஸ்பேனருக்குச் சொன்னது.

– எனக்கு எப்பவும் கிடைச்சது அந்த மாதிரி 'ம்'தான். அதை வெச்சுத்தான் குடும்பம் நடத்துனேன். பெட்டிய இப்படிக் கொடுங்க, தூசி கண்ணுல விழுது.

– அங்க போயி என்ன பாஷை பேசுவ? சைகையா காட்டுவ?

– அவங்க பாஷைதான் பேசுவேன்.

– அவங்க பாஷை உனக்கு எப்படி வரும்?

– தப்புத்தப்பா வரும். அவ சிரிப்பா, அப்புறம் திருத்துவா. என் தையல் கடையில பாதி நேரம் ஃபோன்ல ஸ்பீக்கரைப் போட்டுட்டுத்தான் தைக்கிறேன், அவ அந்தப் பக்கம் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பேசுவா.

– முப்பது வருஷம் உலகம் சுத்துனவன், சீஃப் என்ஜினியர் நான். எனக்கே அந்த பாஷையில 'கிரீஸு', 'நட்டு', 'சீக்கிரம்', இவ்வளவுதான் தெரியும்.

– கெட்ட வார்த்தையும் தெரியும்னு சொன்னா.

– அந்த குக்கு வாய் இருக்கே...

– கோவப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்க ஊரு துறைமுகத்துல எத்தனையோ தடவை நின்னிருப்பீங்க. எப்படி இருக்கும் அந்த ஊரு?

– எப்படி இருக்கும். கிரேன் இருக்கும். ஆயில் டேங்க் இருக்கும். கேட்ல செக்யூரிட்டி இருப்பான். மழை பெய்யும்.

– கேட்டுக்கு வெளிய?

– நான் எப்ப வெளிய போனேன்? கப்பல் நின்னாத்தான் எனக்கு வேலையே ஆரம்பிக்கும். மத்தவன் கரைக்குப் போவான், நான் பிஸ்டனைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.

– கேட்டுக்கு வெளிய இடது பக்கம் ஒரு ஏத்தம். அதுல ஏறுனா பள்ளிக்கூடம். மணி உடைஞ்சு கிடக்குன்னு ஒரு டீச்சர் தகரத்தைத் தட்டுவாங்க. அந்தச் சத்தம் ஃபோன்ல கேட்டா, பேச்சைப் பாதியில விட்டுட்டு இவ ஓடுவா, சின்னவனைக் கூட்டிட்டு வர. அங்க ஒருத்தர் வெளிய கிளம்பினா 'எப்ப வருவே'ன்னு கேக்கக் கூடாது. கேட்டா வர மாட்டாங்களாம். 'கதவு திறந்திருக்கும்'னு மட்டும் சொல்லணும். நீங்க கடலைத் தாண்டுனீங்க, ஒரு வீட்டு வாசப்படியைத் தாண்டலயே.

– சம்பாதிக்கப் போனேனா, வாசப்படி எண்ணப் போனேனா?

– குத்தம் சொல்லலங்க. சரி, அந்த குக்கைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு?

– உப்பு கம்மியா போடுவான். தலைகீழா நின்னு சொன்னாலும் கேக்க மாட்டான்.

– அவங்க அப்பா கிட்னி கெட்டுச் செத்துப்போனாரு. அதுல இருந்து உப்பு டப்பாவைத் தொட்டாலே அவருக்குக் கை வராது.

– இதை அவன் எங்கிட்ட சொல்லவே இல்லயே.

– நீங்க கேக்கவே இல்லயே. 'உப்பு பத்தல'ன்னுதான் சொன்னீங்க. மொதல்ல ஒரு இடத்துல உக்காருங்க. கூண்டுக்குள்ள நடக்கற மாதிரி நடக்கறீங்க, பாக்கற எனக்குத் தலை சுத்துது.

– உக்காந்தா தரை ஆடாம நிக்குது. அதுதான் எனக்கு ஒத்துக்க மாட்டேங்குது. என்ன ஆபரேஷன் அந்தப் பொண்ணுக்கு?

– மார்ல கட்டி. எடுத்துடணும்னுட்டாங்க. கொஞ்ச நாளைக்குக் கைய மேல தூக்க முடியாதாம். அதான் முன்னாடி பட்டன் வெச்சுத் தளர்வா சட்டை தெச்சு வெச்சிருக்கேன். ஃபோன் முன்னாடி கயிறைப் பிடிச்சு அளவு காட்டுனா. அதுலயும் இழுத்துப் பிடிச்சு ஒல்லியா காட்டுறா.

– குக்கு எங்க இப்ப?

– கப்பல்லதான். அவருக்கு இது தெரியாது.

– எது தெரியாது?

– எதுவுமே. இவ சொல்லல. சொன்னா அந்த மனுஷன் நடுக்கடல்ல என்ன பண்ணுவாரு, நீந்தியா வருவாருங்கறா.

– அது ரொம்பத் தப்பு. பொண்டாட்டி கத்திக்குக் கீழ படுத்திருப்பா, இவன் அங்க வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருப்பானா? ஃபோனை எடு. அந்தக் கேப்டன் எனக்கு வேண்டியவன். அடுத்த போர்ட்ல அவனை இறக்கிவிடச் சொல்றேன்.

– வேண்டாங்க. கப்பல்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா.

– உங்கிட்டத்தான வாங்குனா? எங்கிட்ட வாங்கலயே.

– உங்க லாஜிக்கைத் தூக்கிப் பரண்ல போடுங்க. அது அவ ரகசியம். எடுத்துக் கடைபரப்ப நாம யாரு?

– கேளு. ஒரு மாசமா இந்த வீட்ல எதையாவது கழட்டி மாட்டிட்டு இருக்கேன். ஏன்னு எனக்கே தெரியல. என்னால நிஜமாவே சரிபண்ண முடிஞ்ச ஒரு வேலை இன்னைக்குத்தான் கண்ணுல பட்டிருக்கு. தடுக்காத.

– அப்ப அவகிட்டயே கேளுங்க. இதோ போடறேன். பதமா பேசுங்க, ஏற்கெனவே பயந்துபோயிருக்கா.

– தமிழ் தெரியுமா அவளுக்கு?

– நான் அவ பாஷையைக் கத்துக்கிட்டா, அவ சும்மா இருப்பாளா? ஹலோ, தங்கச்சி.

– அக்கா. பெட்டி கட்டியாச்சா? இங்க குளிர். போர்வை தூக்கி வராத, என்கிட்ட நிறைய இருக்கு.

– கட்டிட்டுத்தான்டி இருக்கேன். இங்க சீஃப் உங்கிட்ட பேசணுமாம்.

– அய்யோ, சீஃப் அண்ணாவா? நான் தலை சீவல.

– உன் தலை தெரியாதுடி. பேசு.

– வணக்கம்மா. நான் நேரா விஷயத்துக்கு வரேன். உன் வீட்டுக்காரனுக்கு நீ இதைச் சொல்லணும்.

– என் வீட்டுக்காரன் கடல்ல அண்ணா. கடல்ல இருக்கற ஆளுக்கு அழுகை அனுப்பக் கூடாது. அதை வெக்க அங்க இடம் இல்ல.

– இடம் இருக்கோ இல்லையோ, அவன் உன் புருஷன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுக்கு ஒளிவுமறைவு? தெரிஞ்சுக்க அவனுக்கு உரிமை இருக்கா இல்லையா?

– சரி அண்ணா. ஒரு கேள்வி கேக்கவா? நீங்க அக்காகிட்ட சொன்னீங்களா?

– எதைம்மா?

– ஆவி பைப் உடைஞ்சுச்சே. உங்க தோள், முதுகு எல்லாம் வெந்துச்சே. நாள் நாளா குப்புற படுத்தீங்க. என் வீட்டுக்காரன் கரண்டில சூப்பு குடுத்தான். அது சொன்னீங்களா?

– பதில் சொல்லுங்க. கேக்கறால்ல.

– அது... உனக்குத் தெரியுமா?

– அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாம இருக்குமா?

– வெந்நீர் கொட்டிடுச்சுன்னுதான நான் உங்கிட்ட...

– ஆமாங்க ஆமா. வெந்நீர். ஃபோன் ஏன் வரலன்னு கேட்டா சிக்னல் இல்ல. வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்னு கேப்டன் வாயையும் அடைச்சுட்டீங்க. நானும் அந்தத் தழும்புல எண்ணெய் தடவறப்பெல்லாம் 'எப்படிப்பட்ட வெந்நீரோ'ன்னு நம்புன மாதிரியே இருந்துட்டேன்.

– அண்ணா? ஃபோன் கட்டா?

– இல்லம்மா. இருக்கேன்.

– கோவமா?

– கோவம் இல்ல. நீ கேட்டது நியாயம். நான் சொல்லல. இவ பயந்துடுவான்னு சொல்லலன்னுதான் எனக்கே நான் சொல்லிக்கிட்டேன். அது பொய். இவ குரலைக் கேட்டா நான் உடைஞ்சுடுவேன்னு பயந்தேன். சீஃப்னு பேரு, கீழ அத்தனை பேரு வேலை பாக்கறான், அவனுங்க முன்னாடி அழுதுடக் கூடாதுன்னு. நான் காப்பாத்துனது என்னைத்தான், இவளை இல்ல. படுத்திருந்த நாளெல்லாம் கதவு திறக்கற சத்தம் கேட்டா இவதானோன்னு இருக்கும். நடுக்கடல்ல எப்படி வருவா? ஆனா அப்படித்தான் இருந்துச்சு. நீயும் அப்படிப் படுத்திருக்காத. அவன் வந்து ஒண்ணும் கிழிக்க வேண்டாம். உன் ரூம் வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உக்காரட்டும், போதும்.

– மெதுவா அண்ணா, மெதுவா. பாதி புரியல. அக்கா, நீ சொல்லு.

– இரு தங்கச்சி, நான் உங்க பாஷையில சொல்றேன்.

– என்ன இவ்வளவு நேரம் சொன்ன அவகிட்ட?

– நீங்க சொன்னதைத்தான். ஆம்பளை 'பயந்தேன்'னு சொல்றதுக்கு அவங்க பாஷையில நேரா வார்த்தை கிடையாது. சுத்தி வளைச்சுத்தான் வரணும்.

– நம்ம பாஷையில இருக்கா?

– இருக்கு. நீங்கதான் இன்னைக்கு வெளிய எடுத்தீங்க.

– அழறாளா?

– அழட்டும், விடுங்க. இத்தனை நாளும் அழாம இருந்ததுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

– அண்ணா. சரி. கேப்டன்கிட்ட சொல்லுங்க. ஆனா கட்டின்னு சொல்ல வேணாம். 'வீட்ல கூப்பிடறாங்க' மட்டும் சொல்லுங்க. மீதி நான் சொல்லுவேன். என் வாயால.

– அப்படியே சொல்றேன்மா. வேற ஒரு வார்த்தை சேக்க மாட்டேன்.

– அக்கா, சீக்கிரம் வா.

– வந்துட்டே இருக்கேன்டி. போயி ரெண்டு வாய் சாப்பிடு. என்னங்க, நம்பரைத் தேடிட்டு எங்க போறீங்க?

– உள்ள போயிப் பேசறேன். நீ பக்கத்துல நின்னா எனக்குப் பேச வராது.

– போங்க. நான் சட்டையெல்லாம் மடிச்சு வெக்கறேன்.

– பேசிட்டேன்.

– அதுக்குள்ளயா? என்ன சொன்னாரு?

– இறக்கிவிட்டுடறேன்னான். வேற குக்குக்கு என்ன வழின்னு ஒரு பாட்டு புலம்புனான், நான் கொஞ்சம் சத்தம் போட்டேன், அடங்கிட்டான். ஆபரேஷனுக்கு முன்னாடி வந்து சேர முடியாது. அவ கண்ணு முழிச்சு எழுந்து உக்கார்றதுக்குள்ள வந்துடுவான்.

– அதுவரைக்கும் நான் இருக்கேன்ல. சொல்லுங்க, இன்னும் எதுக்கு அங்கயும் இங்கயும் நடக்கறீங்க?

– நீ போயிட்டா நான் என்ன பண்றது?

– நீங்க போனப்ப நான் என்ன பண்ணேனோ அதைப் பண்ணுங்க. வாசல்ல நின்னு அனுப்பிட்டு, உள்ள வந்து விளக்கைப் போட்டுட்டு, வேலையைப் பாருங்க. கஷ்டமா இருந்தா அந்த குக்குக்கு ஃபோன் போட்டுப் பேசுங்க. வழியெல்லாம் அந்த மனுஷன் தவிச்சுட்டு வருவாரு.

– என்ன பேசறது அவன்கிட்ட?

– கேளுங்க. ஏதாவது கேளுங்க. அவரே பேசுவாரு.

– டாக்சி வந்து நிக்குது போல. ஹார்ன் அடிக்கறான்.

– ஆமா, நமக்குத்தான். அந்தப் பக்கம் பிடிங்க, கனமா இருக்கு.

– இரு. ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட.

– வழியில நெரிசல் இருக்குங்க.

– நிக்கட்டும் அவன். அந்தப் பொண்ணும் நீயும் எப்படிப் பழக்கம்? யாரு மொதல்ல பேசுனது?

– அவதான். கம்பெனிக்காரங்க வீட்டு ஆளுங்களுக்கெல்லாம் ஃபோன்ல ஒரு குரூப் போட்டிருந்தாங்க இல்ல, அதுல என் நம்பரைத் தேடிப் பிடிச்சு அனுப்புனா. நீங்க குப்புற படுத்திருந்த அப்பதான். நான் எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடலாம்னு துணியெல்லாம் எடுத்து வெளிய வெச்சிருந்தேன்.

– எதுக்கு?

– எதுக்கா. ஃபோன் இல்ல, பேச்சு இல்ல. வீட்டுக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரி வருவீங்க, போவீங்க. 'இந்தா'ன்னுவீங்க, 'இங்க பாரு'ன்னுவீங்க. நான்னு ஒருத்தி இருக்கறது இந்த மனுஷனுக்கு ஞாபகமாவது இருக்கான்னு தோணிப்போச்சு.

– நீ இதைச் சொன்னதே இல்லயே.

– நானும் உங்க பொண்டாட்டிதானே.

– சரி, அவ என்ன அனுப்புனா?

– ஏதோ மொழிபெயர்க்கிற ஆப்புல போட்டு, தலையும் இல்லாம வாலும் இல்லாம ஒரு மெசேஜ். 'சீஃப் காய்ச்சல்ல விடாம ஒரே வார்த்தையைச் சொல்றாரு. தண்ணி குடுத்தா தட்டிவிடறாரு, மாத்திரை குடுத்தாலும் தட்டிவிடறாரு. உங்க பாஷையில அது என்ன பொருள்னு சொன்னீங்கன்னா, என் வீட்டுக்காரர் தேடி எடுத்துக் குடுப்பாரு'ன்னு. கூடவே அந்த வார்த்தையை அவ வாயால சொல்லி அனுப்பியிருந்தா. கோணல்மாணலா வந்துச்சு, மொதல்ல எனக்கே பிடிபடல. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

– நீ என்ன பதில் போட்ட?

– 'அது பொருள் இல்லம்மா, என் பேரு'ன்னு.